நாற்பத்து மூன்றாம் நம்பர் டயர்

இதுவரை நான் தூங்கிய இடங்களில் ஏற்காட்டுக் கார் ஷெட்டுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போன காலத்தில் இரும்புக் குழாய்களின் மேல் சாக்கு விரித்துத் தூங்கினேன். செங்கல் சூளையில் சூடு ஆறாத கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குவது மார்கழியில் சுகம், சித்திரையில் தண்டனை. சங்ககிரிப் பக்கம் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் இருந்தபோது இரண்டு லாரி டியூப்களை அடுக்கிப் படுக்கையாக்கிக்கொண்டேன். அந்தக் கடையில்தான் லாரிச் சக்கரத்தின் வளையம் தெறித்து என் இடது ஆள்காட்டி விரலின் நுனி போனது. அதனால் பெரிய குறை ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட ஆளுக்கு யாரையும் விரல் நீட்டிப் பேசும் வேலை வருவதில்லை.

ஏற்காட்டு ஷெட்டுக்கு மூன்று பக்கம் கல்சுவர், மேலே தகரம், முன்னால் சாத்தினால் சாத்திக்கொள்ளும் கதவு. இடது பாதியில் ஒரு பழைய கறுப்புக் கார், வலது பாதியில் என் கட்டில். கார் குறட்டை விடாது. எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்காது. எந்த ஊரிலும் ஒரு வருஷத்தைத் தாண்டாத நான் அங்கே நான்காவது மழைக்காலத்தைப் பார்த்துவிட்டேன்.

காரும் ஷெட்டும் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்குச் சொந்தம். அவருடைய கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன முதலாளி, கொண்டுபோக முடியாத காரை ரைட்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரைட்டர் காலமான பிறகு அம்மாவே ஓட்டக் கற்றுக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை கடைவீதிக்குப் போய் வருவார். முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவுதான். "மூணாவது கியரெல்லாம் சேலத்துக்காரங்களுக்குப்பா" என்பார். அவருக்குப் பின்னால் வரும் டூரிஸ்ட் வேன்கள் ஊதும் ஹாரனில் ஏரியில் இருக்கும் வாத்துகள்கூடத் தலையைத் தூக்கும். அம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். காரைத் துடைப்பது, மிளகுக் கொடிக்கு முட்டு கொடுப்பது, குரங்கு விரட்டுவது என் வேலை. ஷெட்டும் மூன்று வேளைச் சாப்பாடும் எனக்கு.

இந்த ஏற்பாட்டின் நடுவில் ஒருநாள் அம்மாவின் மருமகன் சேலத்திலிருந்து டேப்போடு வந்தார். ஷெட்டை நீளவாக்கில் அளந்தார், அகலவாக்கில் அளந்தார். என் கட்டிலை ஒரு காலால் தள்ளிவிட்டு அது இருந்த இடத்தையும் அளந்தார்.

"ஏனுங்கத்தே, இதுல ஒரு பாத்ரூம் வெச்சு, கண்ணாடிக் கதவு போட்டம்னா நல்ல ஹோம்ஸ்டே ரூமுங்க. வர்ற சனம் ரூம் கெடைக்காம காருலயே தூங்குது."

"இங்கயும் ஒரு காரு தூங்குதே மாப்ளே, அதை எங்க வெக்கறது?"

"வித்துரலாங்க. ஓடாத வண்டி."

"ஓடாத வண்டியா? போன செவ்வாக்கெழமை அரிசி மூட்டை யாரு தூக்கிட்டு வந்தா, நீங்களா?"

என் கட்டிலை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் மருமகன் ஒரு சமாதானத்துக்கு வந்தார். அடுத்த மாதம் ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி வரப்போகிறது. சமவெளியிலிருந்து கார்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும், நடுவர்கள் மார்க் போடுவார்கள். அதில் இந்தக் கார் ஏதாவது ஒரு கப்பு வாங்கினால் ஷெட்டிலேயே இருக்கட்டும். வாங்காவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அம்மா ஒப்புக்கொண்டார். ஆக, நான் எங்கே தூங்குவது என்பது ஒரு கப்பில் போய் நின்றது.

விதிமுறைத் தாள் இங்கிலீஷில் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பார்சலுக்கு எடை பார்க்கிற முகத்தோடு படித்துப் படித்துச் சொன்னார். எஞ்சினைப் பற்றி நான்கு வரிதான். டயரைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

கார் தயாரான வருஷத்தில் எந்த மாதிரி டயர் போட்டுக் கொடுத்தார்களோ அந்த மாதிரி டயர்தான் இருக்க வேண்டும். இப்போது ஓடுகிற ரேடியல் டயர் கூடாது, நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற பழைய மாதிரிதான் வேண்டும். அளவு பொருந்த வேண்டும், நான்கிலும் தரையில் படுகிற பக்கத்தில் ஒரே பூவெட்டு இருக்க வேண்டும். கம்பெனியே வெள்ளை வளையம் போட்டுக் கொடுத்திருந்தால் ஒழிய வெள்ளை கூடாது. கம்பெனி போடாத எழுத்தோ எண்ணோ வண்ணமோ டயரில் இருந்தால் ஒரு மார்க் போகும். டயர் பிழையானால், ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக மூன்று மார்க் போகும்.

எனக்கு உலகத்தில் ஓரளவு தெரிந்த ஒரே பாடம் டயர். தாளை மடித்து வைத்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தேன். நான்கும் ரேடியல். பூவெட்டில் மூன்று ஜாதி. பின்னால் இடப்பக்கம் இருந்தது ஏதோ ஆம்னி வேனிலிருந்து வந்தது.

"பன்னெண்டு மார்க்கு டயர்லயே போயிருச்சுங்கம்மா."

"அப்ப டயரைத் தேடு சாமி. சேலத்துல இல்லாததா?"

சேலத்தில் இல்லை. நான் நுழைந்த டயர் கடைகளில் எல்லாம் அளவைக் கேட்டதும் முதலில் சிரித்தார்கள், பிறகு உட்காரச் சொன்னார்கள், ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். "இந்தச் சைசெல்லாம் எங்கப்பா காலத்துலயே வர்றது நின்னு போச்சுங்க" என்றார் டீ வாங்கிக் கொடுத்தவர்.

திரும்பி வரும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் சாய்ந்துகொண்டே யோசித்தேன். இந்த மலையில் டயர் சாகிறதே இல்லை. கார் கைவிட்டதும் வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறது. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும், கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் அமுக்கிப் பிடிக்கும், ஊஞ்சலாடும். அம்மாவின் காரிலிருந்து கழன்ற டயர்கள் மட்டும் எங்கே போயிருக்கும்?

அம்மாவிடம் கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னார். "தலைச்சோலைக்கு. எங்க ஊட்டுக்காரரு ரேடியல் மாத்தினப்ப, பலாப்பழம் கொண்டு வர்ற ஒருத்தருக்குக் குடுத்தாரு."

மலைக்கிராமமான தலைச்சோலையில் அந்தப் பலாப்பழக்காரரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. காப்பியும் கேழ்வரகும் வைத்திருக்கும் விவசாயி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான்கு டயர்களும் இருந்தன. இரண்டு, அவருடைய பவர் டில்லரின் டிரெய்லரில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, கேழ்வரகு மூட்டைக்கு ஈரம் ஏறாமல் அடியில் கிடந்தது. நான்காவது, தோட்டத்தின் ஓரத்தில் மண்ணில் பாதி புதைந்து, நடுவில் செவ்வந்தி பூத்துக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். கண்காட்சி நாள் வரைக்கும் இரவல் கொடுத்தால் போதும், அதுவரை எங்கள் ரேடியல் நான்கையும் இவற்றின் இடத்தில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"மூணைத் தாராளமா எடுத்துக்குங்க. அந்தச் செவ்வந்தி டயரை மட்டும் கேக்காதீங்க."

"ஏனுங்க?"

"அது டயரு இல்லீங்க, எல்லை. அதுக்கு அக்கட்டால பங்காளி காடு."

அவருடைய பெரியப்பா மகன்தான் அந்தப் பங்காளி. இருவரும் பேசிக்கொண்டு பல வருஷமாகிறது. எல்லைக் கல்லை மழையில் மண் சரிந்து மூடிவிட்டதாம். பேச்சுவார்த்தை நடந்து, கல் இருந்த இடத்தில் டயரை வைத்தார்களாம். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிய பேச்சு.

நாங்கள் டயரைச் சுற்றி நின்றதை எங்கிருந்தோ பார்த்துவிட்டுப் பங்காளி வந்து சேர்ந்தார். கையில் கொத்துக்கத்தி. காப்பிச் செடிக்கு மேல் நிழல் மரக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"அந்தாளு டயரை ஏன் தொடறான்னு கேளுங்க."

"நான் தொடலீன்னு சொல்லுங்க" என்றார் விவசாயி, அவரும் என்னைப் பார்த்து.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இருவரும் பேசியதை இருவருக்கும் திருப்பிச் சொன்னேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்டது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்கள்.

மாதிரிக்கு நான் கொண்டுபோயிருந்த ரேடியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பங்காளி குந்தி உட்கார்ந்து இரண்டையும் சாணால் அளந்தார். கத்திப் பிடியால் தட்டினார். பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தார். பூவெட்டில் விரல்விட்டு ஆழம் பார்த்தார்.

"நாலு வெரக்கடை சின்னதுங்க."

"அளவு ஒண்ணுதானுங்க, ஒரே சக்கரத்துல மாட்டறதுதான். ரேடியலுக்கு உசரம் கம்மி."

"அதையேதான் நானும் சொல்றன். டயரு சிறுத்தா எல்லை எந்தப் பக்கம் சிறுக்கும்?"

நடு மையத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல்தானே என்றேன். இரண்டு பேரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அன்று மட்டும் அவர்களுக்குள் ஒரு ஒற்றுமை தெரிந்தது.

கடைசியில் பங்காளி மூன்று நிபந்தனைகள் போட்டார். நாலு விரல் குறையை அடைக்க, ரேடியலைச் சுற்றிக் கல் அடுக்க வேண்டும். கண்காட்சி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அதே டயர் அதே இடத்துக்கு வர வேண்டும். வழியில் யாரும் டயரை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள அவரே கூட வருவார்.

"அதே டயருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு சின்னத் தகர டப்பாவில் வெள்ளைப் பெயின்ட்டும் தேய்ந்த பிரஷ்ஷும் கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டயரின் பக்கச் சுவரில் உள்ளங்கை உயரத்துக்கு 43 என்று எழுதிவிட்டார். எஸ்டேட் பக்கமெல்லாம் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு அப்படித்தான் நம்பர் போடுவார்கள். அவருடைய காட்டு ஓரத்தில் நாற்பத்திரண்டு மரங்கள். அடுத்தது இந்த டயர்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து மண்ணைச் சுரண்டி, மண்புழுக்களை ரோஜாச் செடிக்கு மாற்றி, உள்ளே ஒட்டுப் போட்டு, டியூப் சொருகிக் காற்றடித்தேன். வெடிப்பு இருந்தது, ஆனால் நின்றது. நான்கிலும் ஒரே பூவெட்டு. ஒரே காரிலிருந்து கழன்ற டயர்கள் அல்லவா! 43-ஐத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு போனேன். அம்மா தடுத்துவிட்டார்.

"அவரு ஒத்துக்கிட்டது அந்த நம்பரோடதான். அடுத்தவங்க முத்திரையை அழிக்கறது பெரிய குத்தம் சாமி. நாப்பது வருஷம் ஆபீஸுல அதைத்தான் சொன்னேன்."

"ஒரு மார்க்கு போயிருங்களேம்மா."

"போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பங்காளி வெள்ளை வேட்டி, சட்டையில் வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இடப்பக்கப் பின்சக்கரம் தன் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டியபடி வந்தார். முதல் கியர், இரண்டாவது கியர். பின்னால் வேன்கள். வழியில் நின்றவர்கள் அவரை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார், சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மைதானத்தில் முகம் பார்க்கலாம் போல மினுங்கும் கார்கள். எங்கள் பிரிவில் ஐந்து கார்கள், கப்பு மூன்று. நடுவர் ஒல்லியான மனிதர், தொப்பி, கையில் அட்டை, டார்ச், சின்னக் கைப்பிடிக் கண்ணாடி. ஒவ்வொரு காரிலும் முதலில் டயருக்குத்தான் குனிந்தார். சாணால் அளந்தார், தட்டினார், தடவினார், பூவெட்டில் ஒரு கருவியை விட்டு ஆழம் பார்த்தார். பங்காளி என் காதோரம் வந்து, "ஆளு வெவரந்தானுங்க. எல்லைத் தகராறு பாத்த ஆளாட்டம் இருக்குது" என்றார்.

பக்கத்துக் காரில் புத்தம் புது டயர்கள், பார்க்க அவ்வளவு அழகு. நான்கும் ரேடியல். நடுவர் பென்சிலால் பன்னிரண்டைக் கழித்தார். அந்தக் காரின் சொந்தக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளுக்குள் கட்டிலை ஷெட்டில் இன்னும் நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் காருக்கு வந்தார். சீட்டுத் துணி கிழிசலுக்குக் குறித்தார். அம்மா ஒட்டியிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தார். டயருக்குக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"இவ்வளவு பழைய டயர் நாலும் ஒரே செட்டா எங்கே கிடைச்சுது?"

"இது இந்த வண்டியோட டயரேதானுங்க" என்று பங்காளி முன்னால் வந்தார். "இத்தனை வருஷமா என்ற கண்ணு முன்னால கெடந்தது. கற்பூரம் அணைச்சுச் சொல்லுவன்."

"நீங்க டிரைவரா?"

"எல்லைக்காரனுங்க."

நடுவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார். பின்சக்கரத்துக்கு வந்தார்.

"இது என்ன நாற்பத்து மூணு?"

"மரத்து நம்பருங்க."

"மரமா?"

"நாப்பத்திரண்டு சில்வர் ஓக்கு. அதுக்கப்புறம் இந்த டயரு."

நடுவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சக்கரத்தையும் பங்காளியையும் மாறி மாறிப் பார்த்து, "சரி, இதைக் கண்டுக்காம விட்டுடறேன்" என்று அடுத்த காருக்கு நகர்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

"நில்லுங்க சார்" என்றார் அம்மா.

கைப்பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்தார். பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். "கம்பெனி போடாத எண் இருந்தா ஒரு மார்க்குன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. கண்டுக்காம விடறதுக்கு இதுல எடமில்லீங்களே."

"பரவால்லைம்மா, இருக்கட்டும்."

"பக்கத்து வண்டிக்குப் பன்னெண்டு கழிச்சீங்க. அவருக்கு இருக்கட்டும்னு சொன்னீங்களா? குறைச்சுக்குங்க."

நடுவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அவர் பென்சிலை எடுத்து ஒன்றைக் கழித்தார். அம்மா அட்டையை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

மாலையில் முடிவு சொன்னார்கள். மூன்றாவது கப்பை ஒரே ஒரு மார்க்கில் விட்டோம். மருமகன் வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள முயன்று தோற்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "தூக்கம் வர்றதுக்கு ஷெட்டு மட்டும் பத்தாதுப்பா" என்றார். எனக்குப் பத்தும்.

பங்காளிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. பொழுது சாய்கிறது என்பதே அவர் கவலை. காரை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியதும் 43-ஐக் கழற்ற வைத்து, தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பு பிடித்துப் போனார். டயர் கழன்ற இடத்தில் காருக்கு முட்டாக நான் செங்கல் அடுக்கினேன். மற்ற மூன்று டயர்களையும் விவசாயி திரும்பக் கேட்கவேயில்லை. எங்கள் ரேடியல்கள் டிரெய்லரில் நொம்ப நல்லா ஓடுதுங்க, எல்லையில கெடந்ததையும் ஸ்டெப்னிக்கு வெச்சுக்கிட்டனுங்க என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மருமகன் ஒருவரைக் கூட்டி வந்தார். பழைய கார்கள் சேகரிப்பவர், கண்காட்சியில் பங்காளி சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். காரோடு பிறந்த டயர் நாலும் காரிலேயே இருக்கிற வண்டி எங்கேயும் பார்த்ததில்லையாம். அதற்காகவே வாங்குகிறாராம். நான் படுக்கையைச் சுருட்டத் தயாராக நின்றேன். அவர் சுற்றி வந்தார். மூன்று டயர், ஒரு செங்கல் அடுக்கு.

"நாலாவது எங்கே?"

"தலைச்சோலையில எல்லையா இருக்குதுங்க."

அவருடைய காரிலேயே தலைச்சோலைக்குப் போனோம். 43 பழைய இடத்தில் இருந்தது. உள்ளே மண் நிரப்பி, செவ்வந்திக் கன்றும் நட்டாகிவிட்டது. விவசாயி அந்தப் பக்கம், பங்காளி இந்தப் பக்கம். சேகரிப்பவர் தன்மையாகக் கேட்டார். புதிய எல்லைக் கல்லே நட்டுத் தருகிறேன் என்றார். பளபளப்பான கிரானைட் கல், பெயர் பொறித்து.

பங்காளி குந்தி உட்கார்ந்து 43-ஐச் சாணால் அளந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் நேராக விவசாயியைப் பார்த்தார்.

"ஏன்டா, கல்லு எத்தனை வெரக்கடைடா இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? டயராட்டம் வருமா?"

"அதானே. வேண்டாமுங்க" என்றார் பங்காளி.

நாலும் இல்லாமல் காரை வாங்குவதாக இல்லை என்று சொல்லிவிட்டு சேகரிப்பவர் கீழே இறங்கிப் போனார். மூன்று காலில் நிற்கிற காரை வேறு யாரும் கேட்டு வரவில்லை. அம்மா இப்போது கடைவீதிக்கு நடந்துதான் போகிறார். பின்னால் ஹாரன் இல்லாதது அவருக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதாம். மருமகன் விறகு அறையை ஹோம்ஸ்டே ஆக்கிக்கொண்டார். என் கட்டில் வலது பாதியிலேயே கிடக்கிறது.

ஒரே ஒரு கவலைதான் இருக்கிறது. அன்றைக்குப் பேச ஆரம்பித்த அந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை என்று கேள்வி. போன மாதம் ஒரே ஜீப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சக்குட்டைக்குப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இப்படியே போனால் நடுவில் எல்லை எதற்கு என்று ஒருநாள் இருவருக்கும் தோன்றிவிடலாம், அன்றைக்கே அந்த டயரும் சேகரிப்பவருக்குப் போய்விடலாம். அதனால் வாரத்துக்கு ஒருதரம் ஏதாவது சாக்குச் சொல்லித் தலைச்சோலைக்குப் போய் வருகிறேன். போன தடவை பங்காளியைத் தனியாகப் பார்த்தபோது, டயர் அவர் பக்கமாக ஒரு விரல் நகர்ந்த மாதிரி தெரிகிறதே என்று சும்மா சொல்லி வைத்தேன்.